சேமக்காலையில் பொடுதலை

ஒரு செடியைக் கண்டால் அதை இரண்டாக்காமல் என்னால் இருக்க முடியாது. இப்போதும் அப்படித்தான். விடுதி அறை யன்னலில் யோகட் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. துவாய் காயப்போட இடமில்லை என்று அறையில் கூட இருக்கும் பிள்ளைகள் புறுபுறுக்கிறார்கள். கற்பூரவள்ளி, பத்துமணிப்பூ, மணிபிளாண்ட், யாரோ வீட்டு மதிலில் கேட்காமல் முறித்த பெயர் தெரியாத ஒன்று என்று எல்லாம் இருக்கிறது. பொடுதலை மட்டும் இல்லை. பொடுதலையை நான் வளர்ப்பதில்லை. விளையாட்டு மைதான ஓரத்தில் அது காலில் தட்டுப்பட்டால் கொஞ்சம் விலகித்தான் நடக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொடுதலை நிலத்தோடு ஒட்டிப் படரும் ஒரு பூண்டு. இலை சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நுனியில் மட்டும் பல் வெட்டியிருக்கும். பூ ஒரு குட்டித் தலை போல் நிமிர்ந்து நிற்க, அதைச் சுற்றி வெள்ளையும் இளம் ஊதாவுமாக ஒரு வளையம். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் தேடி வந்து பறிப்பார்கள், மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். மிதித்தாலும் அதற்குக் கவலையில்லை. தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டவுடன் வேர்விடும். நடுவில் அறுத்தால் இரண்டு பக்கமும் தன்பாட்டில் சீவிக்கும். என்னைப் போன்ற ஒரு பிள்ளையின் கையில் கிடைக்கக்கூடாத செடி.

எங்கள் குடும்பம் மயிலிட்டிப் பக்கத்தது. ஆனால் நான் பிறந்தது உடுப்பிட்டியில், ஒரு வாடகை வீட்டில். சண்டைக் காலத்தில் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டவர்கள், கால் நூற்றாண்டுக்கு மேலாக ஊருக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். எனக்குப் பத்து வயது நடக்கும்போது ஆமி பிடித்து வைத்திருந்த காணிகளை விட்டார்கள். முதல்நாள் பார்க்கப் போன வான் வண்டியில் பெரியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு வந்தார்கள். நான் யன்னல் ஓரம் கிடைத்த சந்தோசத்தில் வந்தேன்.

அங்கே வீடு என்று ஒன்றும் இருக்கவில்லை. அத்திவாரக் கல்லும் கிணறும் கிடந்தன. எங்கள் சபையின் சின்னத் தேவாலயத்துக்குக் கூரை இல்லை. அதற்குப் பின்னால், எங்கள் ஆட்களை அடக்கம் செய்த சேமக்காலையை யாரோ டோசர் போட்டு வழித்திருந்தார்கள். சிலுவை இல்லை, கல் இல்லை, மதிலும் இல்லை. உடைந்த படலைத் தூண் ஒன்றும், சரிந்து நின்ற பூவரசு ஒன்றும்தான் மிச்சம்.

அந்த வெறும் வெளியில் நின்று சனங்கள் தங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்ததுதான் எனக்கு அதிசயம். ஒருவர் தூணில் இருந்து கால் வைத்து அளந்துகொண்டு வந்து, "அப்பு இஞ்சை" என்று ஒரு கல்லை அடையாளம் வைத்து நின்றார். ஒரு மாமி மண்ணுக்குள் கிடந்த ஓட்டுத் துண்டைக் கிளறி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அது தன் மாமியாருக்கு மேல் வைத்த ஓடுதான் என்று சத்தியம் செய்தார். இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தில் வந்து நின்று முறுகிக்கொண்டன. கடைசியில் சித்தப்பாதான் தீர்த்து வைத்தார்.

"விடுங்கோ. அவை இரண்டுபேரும் உயிரோடை இருக்கேக்கையும் கோயிலிலை ஒரே வாங்குப் பலகையிலைதானே இருந்தவை."

பெரியம்மா எதையும் அளக்கவில்லை. பெரியம்மா என்றால் அம்மாவின் தமக்கை. பெரியப்பா இடம்பெயர்ந்த காலத்திலேயே காலமாகிவிட, பெரியம்மா எங்களோடுதான் இருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்குக் குறுக்காக நேரே நடந்தார். பூவரசின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு பாய் அளவுக்குப் பச்சையாக ஏதோ படர்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் குந்தி இருந்து, கையால் அதைத் தடவி, "இஞ்சை கிடக்கிறான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கதை தெரிய வந்தது. பெரியம்மாவுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து சில நாட்களே இருந்திருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கவும் நேரம் கிடைக்கவில்லை. அடக்கம் செய்து கல் வைக்கும் முன் செல் குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. சோளகக் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது, நாய் கிண்டிவிடும் என்று பயந்து, கிணற்றடி வாய்க்காலில் நின்ற பொடுதலையை ஒரு கை பிடுங்கிக்கொண்டு போய்ப் பெரியம்மா அந்தச் சின்ன மேட்டில் பரவி நட்டிருக்கிறார். பிறகு ஊரே வெளிக்கிட்டுவிட்டது. கல் வைத்தவர்களின் கல்லெல்லாம் போய்விட்டது. கல் வைக்காத பெரியம்மாவின் பொடுதலை மட்டும் நின்றது. போதகர் அதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

அதன்பிறகு மாதத்தில் ஒருநாளாவது பெரியம்மா அங்கே போவார். அப்பாவும் சித்தப்பாவும் காணியில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களோடு வானில் போய், கோரைப் புல்லைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். மாரி தொடங்கும் நேரம் உடுப்பிட்டிக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்துபோனது. கட்டுப்போட்டுக் கட்டிலில் கிடந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ கொப்பரோடை போறனிதானே. அதுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தி, புல்லைப் பிடுங்கி விடுறியே?"

"ஓம் பெரியம்மா."

"வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். அது தன்ரைபாட்டிலை நிக்கும்."

வேறை ஒண்டும் செய்ய வேண்டாம் என்றதையும் நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் அந்த மாதம்தான் பதியமுறை இனப்பெருக்கம் படிப்பித்தார்கள். ரீச்சர் ஒரு வத்தாளைக் கிழங்குக் கொடியை வகுப்புக்குக் கொண்டுவந்து, கணு எது, கணுவிடை எது என்று காட்டினார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒன்றை வெட்டினால் இரண்டு ஆகிறது, இரண்டை வெட்டினால் நாலாகிறது, யாரும் இதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்காமல் எப்படி இருக்கிறார்கள் என்று யோசித்தேன். வீட்டில் இருந்த கொடியெல்லாம் என் கத்தரிக்கோலுக்கு வந்தது. அம்மாவின் மல்லிகையும் தப்பவில்லை.

"உவள் ஒருநாளைக்கு எங்களையும் கணுவிலை வெட்டிப் பதியம் வைச்சிடுவாள்" என்றார் அப்பா.

சேமக்காலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது அந்த யோசனை வந்தது. பெரியம்மாவின் பிள்ளைக்கு மட்டும் பச்சைப் பாய், மற்றவர்களுக்கெல்லாம் வெறும் மண். ஏன் எல்லோருக்கும் இருக்கக்கூடாது? அது கருணை என்றுதான் அப்போது நினைத்தேன். கருணை கொஞ்சம் இருந்ததும் உண்மை. ஆனால் உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் வரும்போது வெளி முழுவதும் பச்சையாகக் கிடக்கும், "ஆர் பிள்ளை செய்தது?" என்று கேட்பார்கள், பெரியம்மா என்னைக் காட்டுவார் என்ற படம்தான் எனக்குள் அடிக்கடி ஓடியது.

முதல் முறை நட்டது அத்தனையும் செத்தது. மிளகாய்க்கன்று மாதிரி நிமிர்த்தி நட்டிருந்தேன். பிறகுதான் பிடிபட்டது. தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, படுக்கையாகக் கிடத்தி, கணுவுக்கு மேல் மட்டும் மண் போட்டுக் குதியால் மெல்ல அமர்த்த வேண்டும். அதற்கு நிமிர்ந்து நிற்பது பிடிக்காது. கொஞ்சம் மாட்டெருவும், இரண்டு கிழமைக்குத் தென்னங்கிடுகு நிழலும் போதும். அதற்குமேல் மாரி மழை பார்த்துக்கொண்டது. அப்பா சீமெந்து குழைத்துக்கொண்டிருக்க, நான் பழைய பெயின்ற் வாளியும் கத்தரிக்கோலுமாகச் சேமக்காலைக்கு ஓடிவிடுவேன். துண்டுகள் எல்லாம் பெரியம்மாவின் பாயில் இருந்துதான் வந்தன. வெட்டி வெட்டி அதை மொட்டையாக்கியிருந்தேன். பரவாயில்லை, அதுவும் தழைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தழைத்தது. தையில் வெளி முழுவதும் திட்டுத் திட்டாகப் பச்சை தெரிந்தது. மாசியில் திட்டுகள் கை கோத்தன. அப்பா கண்டவர்தான். மாரிக்குப் புல் முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொரு முறையும் நான் திரும்பி வரும்போது பெரியம்மா கட்டிலில் இருந்தபடி கேட்பார்.

"என்ன மாதிரி, பிடிச்சு நிக்குதோ?"

"வடிவா நிக்குது பெரியம்மா."

"காஞ்சு போகேல்லையே?"

"நீங்கள் வந்து பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் குசினிக்குள் ஓடிவிடுவேன்.

உயிர்த்த ஞாயிறன்று விடிவதற்கு முன்னமே வான் பிடித்துப் போனோம். ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் உயிர்த்த ஞாயிறு. கரவெட்டி, யாழ்ப்பாணம் என்று சிதறிக் கிடந்த சபையாரெல்லாம் வந்திருந்தார்கள். விளக்குமாறுகளும், உரப் பையில் வெள்ளைக் கடற்கரை மணலும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வழக்கம் அதுதான். தங்கள் ஆள் கிடக்கும் இடத்தைச் சுத்தமாகக் கூட்டி, மணல் தூவி, பூ வைத்துவிட்டுத்தான் ஆராதனைக்கு நிற்பார்கள். வீட்டு முற்றமானாலும் சேமக்காலையானாலும் எங்கள் ஆட்களுக்கு ஈர்க்குமாற்றின் கோடு தெரிய வேண்டும். பச்சை படர்ந்த நிலம் என்றால் கேட்பார் பார்ப்பார் இல்லாத நிலம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகமுன் முற்றம் கூட்டியது நான்தானே.

வெளிச்சம் வந்தது. மாமி ஒருவர் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது, பற்றை பிடிச்சுப்போய்க் கிடக்கு?"

"பற்றையில்லை. பொடுதலை" என்றேன் நான். "நான்தான் வைச்சனான். எல்லாருக்கும்."

எல்லோரும் நிலத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, கணுவைப் பற்றியும் கிடுகு நிழலைப் பற்றியும் கொஞ்சம் விளக்கினேன். தூணில் இருந்து காலால் அளந்த மனிதர் திரும்பவும் அளந்துகொண்டு வந்து, முன்னர் அடையாளத்துக்கு வைத்திருந்த கல்லைக் காலால் துழாவினார். ஓட்டுத் துண்டு மாமி குனிந்து இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். நான் நடுவதற்கு வசதியாக ஓடு, கல், சிப்பி எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு மூலையில் ஒதுக்கமாகக் குவித்திருந்தேன். அதையும் சொன்னேன்.

பெரியம்மா ஊன்றுகோலோடு வானில் இருந்து கடைசியாக இறங்கினார். முன்போலவே செருப்பைக் கழற்றினார். வெளிக்குள் கொஞ்சத் தூரம் நடந்தார். நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பூவரசுக்கு இன்னும் நிழல் விழத் தொடங்கவில்லை. எங்கும் ஒரே இலை.

"பிள்ளை" என்றார். "எங்கை?"

பெரியம்மாவின் கையில் வீட்டு முற்றத்து நந்தியாவட்டைப் பூக்கள் வாழையிலையில் சுற்றியபடி இருந்தன. நான் ஓடிப்போய் ஒரு இடத்தைக் காட்டினேன். காட்டிய உடனேயே அது இல்லை என்று பட்டது. தூணுக்கும் மரத்துக்கும் நடுவில் இன்னொரு இடத்துக்குப் போனேன். அங்கேயும் அதே இலை, அதே பூ. வெட்டிய பாய் எது, வெட்டி நட்ட பாய் எது என்று எனக்கே தெரியவில்லை.

"எங்கையடி? வடிவாச் சொல்லு" என்றார் அப்பா. சபை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நினைத்திருந்த படத்திலும் சபை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

வகுப்பில் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் வேறொரு கேள்விக்குத் தெரிந்த விடையைச் சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் என்னிடம் இருந்தது. அதைத்தான் செய்தேன்.

"எப்பிடியும் அது அந்த இடத்திலை நிண்டிருக்காது அப்பா. பொடுதலை ஒரு இடத்திலை நிக்கிற செடியில்லை. முன்னாலை வேர்விட்டு வேர்விட்டுப் போகும், பின்னாலை செத்துக்கொண்டு வரும். இவ்வளவு வருசத்திலை எங்கையோ இருந்து எங்கையோ போயிருக்கும். டோசரும் இழுத்திருக்கும். பெரியம்மா முதல் காட்டின இடமும் சரியான இடமாய் இருக்காது."

சொல்லிவிட்டு, நல்ல விடைக்குக் காத்திருப்பது போல் நின்றேன் என்பதுதான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது.

அப்பாவின் கை ஓங்கியது. பெரியம்மா ஊன்றுகோலை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தார்.

"விடும் தம்பி. அவள் சொல்லுறது சரிதான்."

நான் தப்பிவிட்டேன். அதுமட்டுமில்லை, வென்றும்விட்டேன். பெரியம்மாவே சொல்லிவிட்டார், சரிதான் என்று. அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன்.

ஆராதனை நடந்தது. பாட்டுக்குக் குரல் எழும்பவில்லை. சனங்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல், யாரையாவது மிதித்துவிடுவோமோ என்று, வெளியின் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முடிந்த பிறகு பூக்களை எல்லோரும் உடைந்த தூணின் அடியில் ஒன்றாக வைத்துவிட்டுப் போனார்கள். மணல் பைகள் அவிழ்க்காமலே வானில் ஏறின. பெரியம்மா தன் பூவைத் தூணடியில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உடுப்பிட்டி வரைக்கும் வந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். வாழையிலை வாடிய மணம் வழி முழுக்க வந்தது. வீட்டில் அதைத் தண்ணீர்க் கோப்பை ஒன்றில் போட்டு மேசையில் வைத்தார். என்னோடு கோபமாகவே இல்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் வழக்கம்போல் எனக்குத்தான் முதலில் போட்டார். அப்பாவும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சித்தப்பாகூடப் பகிடி விடவில்லை. சித்தப்பா பகிடி விடாத விசயம் எங்கள் வீட்டில் வேறொன்றும் இருந்ததில்லை.

அந்த அமைதிதான் என்னைப் போட்டு அரித்தது. அடித்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். ஏதோ பிழை செய்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. பிழை என்றால் திருத்தலாம் என்பது என் எண்ணம். இடம் தெரியாமல் போனதுதான் பிழை, ஆகவே இடத்தைக் கண்டுபிடித்தால் சரி.

பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போன நாளெல்லாம் சேமக்காலையில் தவழ்ந்து திரிந்தேன். நான் நட்ட துண்டுகளுக்கு வேர் மெல்லிசாக, தும்பு மாதிரி இருக்கும். பழைய தாய்ச்செடிக்கு வேர்க்கட்டை மரம் மாதிரித் தடித்திருக்க வேண்டும். விரலால் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன். நகமெல்லாம் கறுத்தது. கடைசியில் ஒருநாள், பூவரசில் இருந்து கொஞ்சம் தள்ளி, என் சின்னவிரல் பருமனில் முறுகிய ஒரு வேர்க்கட்டை அகப்பட்டது. அதற்கு மேல் ஒரு வெள்ளைக் கல்லை நிமிர்த்தி நட்டுவிட்டு, அடுத்த முறை பெரியம்மாவைக் கட்டாயப்படுத்தி வானில் ஏற்றினேன். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு இன்னும் புத்தி வரவில்லை, இதையும் ஒரு படமாகத்தான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன்.

நேரம் மத்தியானத்தோடு இருந்தது. பெரியம்மா இப்போது ஊன்றுகோல் இல்லாமல், கொஞ்சம் நொண்டி நொண்டி நடந்தார். கையைப் பிடித்து என் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேர்க்கட்டையைக் கிளறிக் காட்டினேன். வேர் ஏன் தடிக்கிறது என்று விளக்கினேன்.

"இதுதான் பெரியம்மா. இதுதான் நீங்கள் வைச்சது."

பெரியம்மா குனிந்து வேரைப் பார்த்தார். பிறகு கிளறிய மண்ணைக் கையால் தள்ளி அதை மூடினார். என் நகங்களைப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான்" என்றார்.

பிறகு எழுந்து நடந்தார். சரிந்த பூவரசின் நிழல் எங்கே விழுந்ததோ அங்கே போய், காலை நீட்டி இருந்தார். இலைகளுக்குள் முளைத்திருந்த கோரை ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். மற்றக் கையால் பொடுதலையைத் தடவிக்கொண்டிருந்தார், முதல்நாள் தடவியது போலவே.

"பெரியம்மா, அது இல்லை. கல்லு இஞ்சை இருக்கு."

"அங்கை வெயில், பிள்ளை. இஞ்சை வந்து இரு."

"அங்கை உங்கடை ஆள் இல்லை. அது அந்த அப்புவின்ரை பக்கம்."

"இருக்கட்டும். வந்து இரு."

இப்போது செடிகளைப் பற்றித்தான் படிக்கிறேன். அந்த வேர்க்கட்டை ஒன்றையும் நிரூபிக்காது என்று இப்போது தெரியும். நல்ல மண் கிடைத்தால் சில வருடத்திலேயே அந்தப் பருமன் வந்துவிடும். பெரியம்மா புத்தகம் படிக்கவில்லை. ஆனால் ஒரு கை பொடுதலையைத் தன் கையால் நட்டவர். கிணற்றடி வாய்க்காலில் அது ஒவ்வொரு மாரிக்கும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொண்டு இருந்தவர். முதல்நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பச்சையை நோக்கி நேரே நடந்தபோதும் அதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெயிலில் தனியே நின்ற என் கல்லையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் அப்பா சீமெந்து குழைத்துக்கொண்டு நின்ற இடத்துக்குப் போய், பெரியம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, பெரியம்மாவுக்கு இப்ப சரியான மறதி. சரியான இடத்தைக் காட்டியும் வேறை இடத்திலைதான் போய் இருக்கிறா."

அப்பா மண்வெட்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு வாளியில் இருந்த தண்ணீரைச் சீமெந்துக்குள் ஊற்றினார்.